கெத்செமனேயில் இரு சித்தங்கள்: மீட்பரின் இறைவல்லமையும் மனிதத்தன்மையும்

புனித வாரத்தில் நம் திருச்சபைகளில் தவறாது வாசிக்கப்பெறும் பகுதிகளுள் கெத்செமனே மன்றாட்டும் ஒன்று. நற்செய்தியாளர் மாற்கு (14:32-42) அதனைச் சுருக்கமாக, ஆனால் கடுமையான சொற்களால் விவரிக்கிறார். ஆண்டவர் திகிலடைகிறார், மனங்கலங்குகிறார், தரையில் விழுந்து, கூடுமானால் அந்த வேளை தம்மைவிட்டு நீங்குமாறு வேண்டுகிறார். பிதாவால் எல்லாம் ஆகும் என்று அறிக்கையிட்டு, பாத்திரத்தை அகற்றும்படி கேட்கிறார். பின்னர், தம் விருப்பமன்று, பிதாவின் விருப்பமே நிறைவேறட்டும் எனத் தம்மை ஒப்புவிக்கிறார். கிறிஸ்து மெய்யாகவே கடவுள், மெய்யாகவே மனிதர் என்று அறிக்கையிடும் திருச்சபைக்கு இப்பகுதி ஆறுதலாகவும் இருந்துள்ளது, இடறலாகவும் இருந்துள்ளது.

இடறல் பழைமையானது. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய செல்சஸ், கடவுளின் மைந்தர் எனப்படுபவர் அழிவுக்கு அஞ்சிப் புலம்பியது ஏன் என்று ஏளனம் செய்தார். அதற்கு ஒரிகன் மறுப்பு எழுத வேண்டியதாயிற்று. நான்காம் நூற்றாண்டில் ஆரியுவைப் பின்பற்றியோர், அஞ்சுபவர் கடவுளாயிருக்க இயலாது என்பதற்கு இப்பகுதியைச் சான்றாகக் காட்டினர். நஞ்சுக் கிண்ணத்தைக் கலங்காது அருந்திய சாக்ரடீசையும், துதித்துக்கொண்டே மரித்த இரத்த சாட்சிகளையும் அறிந்தோர், சீடர் அஞ்சாத மரணத்துக்கு ஆண்டவர் ஏன் அஞ்சினார் என்று வினவுவது இயல்பே. நம் ஓய்வுநாள் பள்ளிச் சிறுவரும் இதே கேள்வியை எளிய சொற்களில் கேட்கின்றனர். அவர் கடவுளாயின் யாரிடம் மன்றாடினார்? எல்லாம் வல்லவராயின் ஏன் கலங்கினார்?

இக்கேள்வி திருச்சபை வரலாற்றில் மிகக் கூர்மையாக எழுந்தது ஏழாம் நூற்றாண்டில். கிறிஸ்துவில் இருப்பது ஒரு சித்தமா, இரு சித்தங்களா என்னும் அவ்விவாதம் இறையியல் கல்லூரிகளில் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. ஆயினும் மீட்பரின் இறைவல்லமைக்கும் மனிதத்தன்மைக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள அதனைவிடப் பயனுள்ள வாயில் வேறில்லை என்பது நம் கருத்து. மனிதத்தன்மையை ஒதுக்கித் தள்ளும் இடத்தில் இறைவல்லமை வெளிப்படுவதில்லை. மனித சித்தம் முழு உரிமையோடு பிதாவுக்குக் கீழ்ப்படியும் இடத்திலேயே அது வெளிப்படுகிறது. இதனையே நாம் இக்கட்டுரையில் நிறுவ முயல்கிறோம்.

1. எளிய விடைகள் மூன்று

கெத்செமனேயை விளக்க முற்படுவோர் பொதுவாக மூன்று எளிய விடைகளுள் ஒன்றை நாடுகின்றனர்.

முதலாவது, ஆண்டவர் உண்மையில் கலங்கவில்லை. நமக்கு மன்றாடக் கற்பிக்கும் பொருட்டே அவ்வாறு காட்டிக்கொண்டார் என்பது. பக்தி மிகுதியால் கூறப்படும் இவ்விடை மீட்பரின் துயரத்தை ஒரு பாவனையாக்கிவிடுகிறது. ஆதித் திருச்சபையை அலைக்கழித்த தோற்றக் கொள்கை இதுவே. கிறிஸ்து மனிதராகத் தோன்றினாரேயன்றி மனிதராகவில்லை என்னும் அக்கொள்கையை யோவானின் முதலாம் நிருபம் (4:2-3) வன்மையாகக் கண்டிக்கிறது.

இரண்டாவது, இயேசு என்னும் மனிதர் அஞ்சினார். அவருள் இருந்த கடவுளோ அஞ்சாது பார்த்திருந்தார் என்பது. இது மீட்பரை இருவராகப் பிளக்கிறது. துன்புறும் ஒருவரும் துன்புறுவதை நோக்கியிருக்கும் மற்றொருவருமாக இருவர் இருப்பின், சிலுவையில் நம்மை நேசித்தவர் யார் என்பதே ஐயத்திற்குரியதாகும்.

மூன்றாவது, அவ்வேளையில் அவர் தம் தெய்வத்தன்மையைக் களைந்து வைத்திருந்தார் என்பது. இவ்விடை மனிதத்தன்மையைக் காப்பதுபோல் தோன்றினும், மிகவும் வேண்டிய நேரத்தில் கடவுள் அங்கே இல்லை என்றாக்கிவிடுகிறது.

இம்மூன்று விடைகளுக்கும் அடிப்படை ஒன்றே. இறைவல்லமையும் மனிதத்தன்மையும் ஒரே இடத்துக்காகப் போட்டியிடுபவை, ஒன்று மிகுந்தால் மற்றது குறையும் என்பதே அவ்வெண்ணம். இது திருமறைக்கு ஒத்ததா என்பதை முதலில் காண வேண்டும்.

2. திருமறை காட்டும் மீட்பர்

நற்செய்தி நூல்கள் இயேசுவின் மனிதத்தன்மையைச் சிறிதும் மறைப்பதில்லை. அவர் ஞானத்திலும் வளர்த்தியிலும் பெருகுகிறார் (லூக்கா 2:52). பயணத்தால் இளைப்படைந்து கிணற்றருகே அமர்கிறார் (யோவான் 4:6). இறுதி நாளைத் தாமும் அறியார் என்கிறார் (மாற்கு 13:32). நாசரேத்தில் அவரால் பெருஞ்செயல் ஒன்றும் செய்யக் கூடவில்லை என்று மாற்கு (6:5) தயக்கமின்றி எழுதுகிறார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபமோ, அவர் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் செய்தார் என்றும், மைந்தராயிருந்தும் பட்ட பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்றும் உரைக்கிறது (5:7-8).

அதே நூல்கள் அவருடைய வல்லமையையும் மறைப்பதில்லை. ஆயினும் இரண்டும் தனித்தனி அறைகளில் வைக்கப்படவில்லை. படகில் அயர்ந்து உறங்கியவரே எழுந்து காற்றை அதட்டுகிறார் (மாற்கு 4:38-39). லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டவரே அவனை வெளியே அழைக்கிறார். அழைக்குமுன் பிதாவை நோக்கி மன்றாடுகிறார் (யோவான் 11:35-43). குஷ்டரோகியைக் குணமாக்கியது தெய்வீக வல்லமை. ஆனால் அது நீட்டித் தொட்ட மனிதக் கரத்தின் வழியாகவே அவனை அடைந்தது (மாற்கு 1:41). அழுதது மனிதத்தன்மை, எழுப்பியது தெய்வத்தன்மை என்று கணக்குப் பிரிப்பது பாடம் சொல்ல எளிதாயிருக்கலாம். ஆனால் அழுகையும் அழைப்பும் ஒருவருடையவை என்பதை அது மறக்கச் செய்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வனாந்தரத்தில் சோதனைக்காரன் முன்வைத்த முதற் சோதனை யாது? கடவுளின் மைந்தராயின் கற்களை அப்பங்களாக்கும்படி கேட்டான் (மத்தேயு 4:3). தெய்வீக வல்லமையைக் கொண்டு மனித நிலையிலிருந்து தப்பித்துக்கொள் என்பதே அதன் உட்பொருள். பசி மனிதருக்குரியது; அதனைப் பிற மனிதரைப் போலத் தாங்காமல் வல்லமையால் கடந்துவிடு என்றான். ஆண்டவர் அதனை மறுத்தார். தோட்டத்திலும் அதே மறுப்பைக் காண்கிறோம். பன்னிரண்டு லேகியோனுக்கு மேற்பட்ட தூதர்களைப் பிதா அனுப்பக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தும் கேட்கவில்லை (மத்தேயு 26:53). வல்லமையும் மனிதத்தன்மையும் ஒன்றையொன்று விலக்கும் என்பது சோதனைக்காரனின் கருத்தேயன்றி நற்செய்தியின் கருத்தன்று.

3. கல்சதோன் காத்ததும் விட்டுவைத்ததும்

இத்திருமறைச் சாட்சியை வரையறுக்கத் திருச்சபைக்குச் சில நூற்றாண்டுகள் ஆயின. 325ஆம் ஆண்டு நிசேயாச் சங்கம், மைந்தர் பிதாவோடு ஒரே உள்பொருளினர் என்று அறிக்கையிட்டது. பின்னர் லவோதிக்கேயாவின் பேராயராகிய அப்பொலினாரியு, கிறிஸ்துவில் மனித அறிவின் இடத்தில் தெய்வீக வார்த்தையே இருந்தது என்று போதித்தார். 381ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் அதனை மறுத்தது. மீட்பர் எதைத் தம்முடையதாக ஏற்கவில்லையோ அது குணமாக்கப்படவில்லை என்று நாசியன்சு கிரகோரியார் தம் திருமுகமொன்றில் முன்வைத்த நெறி, அன்றுமுதல் கிறிஸ்தியலின் உரைகல்லாயிற்று.

451ஆம் ஆண்டு கல்சதோன் சங்கம், ஒரே கிறிஸ்து இரு தன்மைகளில் அறியப்படுகிறார் என்றும், அவை ஒன்றோடொன்று கலப்பதோ மாறுவதோ இல்லை, பிரிவதோ பிளவுபடுவதோ இல்லை என்றும் வரையறுத்தது. இவ்வரையறை ஒரு விளக்கம் என்பதைவிட ஒரு வேலி என்பதே பொருந்தும். எவ்வாறு என்பதை அது கூறவில்லை. எவ்வாறெல்லாம் சொல்லலாகாது என்பதையே கூறியது.

எகிப்து, சிரியா, அர்மீனியா ஆகிய பகுதிகளில் மிகப் பலர் இவ்வரையறையை ஏற்கவில்லை. அவர்கள் கிறிஸ்துவின் மனிதத்தன்மையை மறுத்தவர்கள் அல்லர்; இரு தன்மைகள் என்னும் சொல் அவரை இருவராக்கிவிடுமோ என்று அஞ்சியவர்கள். அலெக்சாந்திரியாவின் சிரிலுவைப் பின்பற்றி, மனுவுருவான வார்த்தையின் ஒரே தன்மை என்று அவர்கள் பேசினர். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலுள்ள ஆர்த்தடாக்ஸ் சிரியன் திருச்சபையார் இம்மரபினரே. அச்சபையின் அறிஞர் வி. சி. சாமுவேல், கல்சதோன் சங்கத்தை மறுஆய்வு செய்து எழுதிய நூல் 1977இல் சென்னையிலுள்ள கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தால் வெளியிடப்பெற்றது. இரு மரபினரும் 1964இல் ஆர்ஹூஸ் நகரில் தொடங்கிய உரையாடல், 1989, 1990ஆம் ஆண்டுகளின் கூட்டறிக்கைகளில் கனிந்தது. சித்தங்கொள்பவரும் செயலாற்றுபவரும் எப்போதும் மனுவுருவான ஒரே வார்த்தையே என்பதில் இரு சாராரும் உடன்பட்டனர். பதினைந்து நூற்றாண்டுகளின் பிளவில் சொற்பூசலுக்கும் பெரும் பங்கு இருந்தது என்பதை நாம் தாழ்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் கல்சதோன் விட்டுவைத்த ஒரு கேள்வி இருந்தது. இரு தன்மைகள் உண்டெனில், சித்தம் எத்தன்மைக்குரியது? ஒருவராகிய கிறிஸ்துவுக்கு ஒரு சித்தம் போதாதா?

4. பேரரசு விரும்பிய ஒற்றுமை

இக்கேள்வி அமைதியான படிப்பறையில் எழவில்லை. பேரரசர் ஹெராக்ளியஸ் (610-641) பாரசீகரோடு நீண்ட போர் புரிந்தவர். 614இல் எருசலேமே பகைவர் கையில் விழுந்தது. 628இல் போர் வெற்றியோடு முடிந்தபோது, பேரரசின் கீழ்த்திசை மாகாணங்கள் சமயப் பிளவால் மனம் பிரிந்து கிடந்தன. கல்சதோனை ஏற்போரையும் மறுப்போரையும் இணைக்கும் வாய்பாடு ஒன்று தேவைப்பட்டது. கொன்ஸ்தாந்திநோப்பிளின் தலைமைப் பேராயர் செர்கியஸ் அதனை வகுத்துத் தந்தார். தன்மைகள் இரண்டாயினும் கிறிஸ்துவின் செயலாற்றல் ஒன்றே என்பது அது. 633இல் அலெக்சாந்திரியாவில் இதன்மேல் ஓர் ஒப்பந்தமும் ஏற்பட்டது. பின்னர் எருசலேமின் பேராயரான சொப்ரோனியு அதனை எதிர்த்தார். விவாதம் வளரவே, செர்கியஸ் ரோமாபுரிப் பேராயர் ஹொனோரியஸின் ஆதரவை நாடினார். ஹொனோரியஸின் மறுமொழி, கிறிஸ்துவில் ஒரே சித்தம் என்னும் வழக்குக்கு இடந்தந்தது. 638இல் பேரரசர் அதனையே சட்டமாக்கி அறிவித்தார்.

செர்கியஸின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இரு சித்தங்கள் இருப்பின் அவை முரண்படும். மனிதராகிய இயேசு ஒன்றை விரும்ப, கடவுளாகிய வார்த்தை வேறொன்றை விரும்புவார். அவ்வாறாயின் கிறிஸ்து தமக்குள்ளேயே போராடும் இருவராவார் என்றார் அவர். மீட்பரின் ஒருமையைக் காப்பதே அவர் நோக்கம். அவர் விடை கெத்செமனேயை என்ன செய்கிறது என்பதே சிக்கல்.

காலம் விரைந்தது. 642க்குள் சிரியா, பாலஸ்தீனம், எகிப்து ஆகியவை அராபியர் வசமாயின. எந்த மாகாணங்களை இணைக்க வாய்பாடு வகுக்கப்பட்டதோ அவை பேரரசில் இல்லை. வாய்பாடு மட்டும் எஞ்சியது. 648இல் பேரரசர் இரண்டாம் கொன்ஸ்தான்ஸ், ஒரு சித்தம் என்றோ இரு சித்தங்கள் என்றோ எவரும் வாதிடலாகாது என்று தடை விதித்தார். அமைதிக்காக உண்மையைப் பேசாதிருக்கும்படி திருச்சபைக்கு ஆணை பிறந்தது.

5. மாக்சிமஸின் விளக்கம்

இவ்வாணைக்கு இணங்காதவர்களுள் முதன்மையானவர் துறவி மாக்சிமஸ். இவர் பேராயருமல்லர், குருவுமல்லர். 645இல் கார்த்தேஜ் நகரில், முன்னாள் தலைமைப் பேராயர் பிர்ரஸுடன் இவர் நிகழ்த்திய வாதம் இன்றும் படிக்கப்படுகிறது. இவருடைய விளக்கத்தை மூன்று படிகளில் சுருக்கலாம்.

முதற்படி: சித்தம் தன்மைக்குரியதேயன்றி ஆளுக்குரியதன்று. திரித்துவத்தில் ஆள்கள் மூவர்; ஆனால் தெய்வீக சித்தம் ஒன்றே, ஏனெனில் தெய்வத்தன்மை ஒன்றே. சித்தம் ஆளுக்குரியதாயின் கடவுளில் மூன்று சித்தங்களைக் கூற நேரிடும். ஆகவே, இரு தன்மைகளில் அறியப்படும் கிறிஸ்துவில் தெய்வீக சித்தமும் மனித சித்தமும் உண்டு. ஆனால் சித்தங்கொள்பவர் ஒருவரே.

இரண்டாம் படி: மனிதரில் முதலில் வீழ்ந்தது சித்தமே. ஏதேனில் ஆதாம் கனியை உண்டது கையின் பிழையால் அன்று, விருப்பத்தின் பிழையால். கிரகோரியாரின் நெறிப்படி, ஏற்கப்படாதது குணமாக்கப்படவில்லை எனில், மீட்பர் மனித சித்தத்தை ஏற்காதிருந்தால் நம்மில் மிகவும் நோயுற்ற பகுதியே மருந்தின்றி விடப்பட்டதாகும். உடலும் உணர்வும் மீட்கப்பட்டு விருப்பம் மட்டும் பழைய அடிமைத்தனத்தில் கிடக்குமாயின் அது என்ன மீட்பு?

மூன்றாம் படியே மிகவும் ஆழமானது. கெத்செமனே மன்றாட்டின் இரு பகுதிகளையும் பலர் இருவருக்குப் பங்கிட்டுவிடுகின்றனர். பாத்திரம் நீங்கட்டும் என்றது மனித சித்தம். பிதாவின் சித்தப்படியே ஆகட்டும் என்றது தெய்வீக சித்தம் என்பர். மாக்சிமஸ் இதனை ஏற்கவில்லை. இரண்டையும் கூறியது மனித சித்தமே என்றார். மரணத்தினின்று விலகி உயிரை நாடுவது கடவுள் படைத்த இயல்பு; அதிற் பாவமில்லை. உயிரை நேசிக்கும் அதே மனித சித்தம்தான், எவராலும் நெருக்கப்படாமல், பிதாவின் நோக்கத்துக்குத் தன்னை ஒப்புவித்தது. மனித வரலாற்றில் மனித சித்தம் ஒன்று முழுமையாகவும் மகிழ்வுக்குரிய உரிமையோடும் கடவுளுக்கு ஆம் என்றது அங்கேதான்.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். தவறவே இயலாத சித்தத்துக்குச் சோதனை மெய்யான சோதனையாகுமா? மாக்சிமஸ் இயற்கையான சித்தத்தையும், நன்மை எது என்று அறியாது இருபுறமும் தள்ளாடும் தயக்கத்தையும் வேறுபடுத்துகிறார். தயக்கம் வீழ்ந்த மனிதரின் நோய், உரிமையின் இலக்கணமன்று. கிறிஸ்துவில் அத்தள்ளாட்டம் இல்லை. ஆனால் அச்சமும் வேதனையும் போராட்டமும் உண்டு. சோதனையின் முழுப் பாரத்தை அறிபவர் பாதி வழியில் இடங்கொடுத்தவர் அல்லர், இறுதிவரை தாங்கியவரே. நம்மைப்போல எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்று எபிரெயர் நிருபம் (4:15) கூறுவதன் பொருள் இதுவே.

இப்போதனைக்கு மாக்சிமஸ் செலுத்திய விலை பெரிது. 649இல் ரோமாபுரியில் பேராயர் மார்ட்டின் கூட்டிய சங்கம் இரு சித்தங்களை அறிக்கையிட்டது. 653இல் மார்ட்டின் கைதுசெய்யப்பட்டு, துரோகி எனத் தீர்ப்பிடப்பட்டு, நாடு கடத்தப்பட்ட இடத்தில் 655இல் மரித்தார். மாக்சிமஸும் விசாரிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். 662இல், ஏறத்தாழ எண்பது வயதில், மீண்டும் விசாரிக்கப்பட்டு, பேசிய நாவும் எழுதிய வலக்கையும் துண்டிக்கப்பட்டு, கருங்கடலின் கீழ்க்கரையிலிருந்த லாசிக்கா நாட்டுக்கு அனுப்பப்பட்டார், அவ்வாண்டிலேயே மரித்தார். கொன்ஸ்தான்ஸின் மகன் நான்காம் கொன்ஸ்தாந்தீன் கூட்டிய ஆறாம் பொதுச் சங்கம் (680-681) இரு சித்தங்களையும் இரு செயலாற்றல்களையும் அறிக்கையிட்டது. அவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல, மனித சித்தம் தெய்வீக சித்தத்தை எதிர்க்காமல் பின்செல்கிறது என்றும் விளக்கியது. செர்கியஸும் ஹொனோரியஸும் கண்டிக்கப்பட்டனர். மாக்சிமஸின் பெயர் அத்தீர்மானத்தில் இல்லை. அவர் போதனை இருந்தது.

பொதுச் சங்கங்களும் தவறக்கூடும் என்று கற்ற சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம், சங்கம் கூறியதாலேயே இதனை ஏற்பதில்லை. திருமறையின் சாட்சியை அது காத்ததால் ஏற்கிறோம்.

6. வெறுமையாக்குதல் என்பது யாது?

அவ்வாறாயின் தெய்வீக வல்லமை எங்கே போயிற்று? சீர்திருத்தக் காலத்துக்குப் பின் இக்கேள்வி மீண்டும் எழுந்தது. தரங்கம்பாடி வழியாக 1706 முதல் நமக்கு வந்த லுத்தரன் மரபும், பின்னர் வந்த சீர்திருத்த மரபும் இதில் வேறுபட்ட வழிகளில் சிந்தித்தன. தெய்வீக மாட்சி கிறிஸ்துவின் மனிதத்தன்மைக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது என்றனர் லுத்தரன் அறிஞர். வார்த்தையானவர் மனிதத்தன்மையோடு முழுமையாக இணைந்தும் அதன் எல்லைக்குள் அடைபட்டவரல்லர் என்றனர் சீர்திருத்த அறிஞர். பதினேழாம் நூற்றாண்டில் லுத்தரன் அறிஞரிடையிலேயே பிணக்கு மூண்டது. தாழ்மையின் நாட்களில் கிறிஸ்து வல்லமையைப் பயன்படுத்தாதிருந்தார் என்றது கீசன் பள்ளி; மறைவாகப் பயன்படுத்தினார் என்றது தூபிங்கன் பள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொமாசியுஸ் என்னும் ஜெர்மானிய லுத்தரன் அறிஞர், சர்வவல்லமை, சர்வஞானம், எங்கும் நிறைந்திருத்தல் ஆகியவற்றை மைந்தர் களைந்து வைத்தார் என்றார்.

இவை அனைத்தும் பிலிப்பியர் 2:5-11ஐச் சார்ந்தே எழுந்தன. அப்பகுதியின் கிரேக்க வாக்கிய அமைப்பை உற்றுநோக்கின், கிறிஸ்து தம்மை எவ்வாறு வெறுமையாக்கினார் என்பதைப் பவுல் அடுத்த சொற்களிலேயே விளக்குகிறார் எனலாம். அடிமையின் கோலத்தை எடுத்ததனாலேயே அவர் வெறுமையானார். எதையோ கழற்றி வைத்ததாக அங்கே கூறப்படவில்லை; ஒன்றை எடுத்துக்கொண்டதாகவே கூறப்படுகிறது. வெறுமையாக்குதல் கழித்தலன்று, ஏற்றலே.

இதிலிருந்து இறைவல்லமையைப் பற்றிய நம் எண்ணமே திருத்தம் பெறுகிறது. வல்லமை என்றதும் எதிர்ப்பவற்றை அடக்கும் ஆற்றலை நினைக்கிறோம். பேரரசின் வல்லமை அத்தகையது. எதிர்ச்சித்தத்தை ஒழித்தாலன்றி அது ஒற்றுமை காண அறியாது. ஆகையால் மாக்சிமஸின் நாவை அறுத்தது. கடவுளின் வல்லமையோ மனித சித்தத்தை ஒழிக்காமல், அதனைத் தம்முடையதாக ஏற்று, உள்ளிருந்து குணமாக்கி, உரிமையோடு ஆம் என்று சொல்ல வைக்கிறது. சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவே கடவுளின் வல்லமை என்று பவுல் எழுதியது (1 கொரிந்தியர் 1:23-24) அலங்காரப் பேச்சன்று.

7. தமிழ் மேடையில் இப்போதனை

இவ்விளக்கம் தமிழில் போதிக்கப்படும்போது தனிக் கவனம் தேவை. மனுவுருவாதல், மனுஷ அவதாரம் ஆகிய இரு வழக்குகளும் நம்மிடையே உண்டு. வெ. சக்கரை 1920களில் இயேசுவை அவதாரமாகவே எடுத்துரைத்து நூல் எழுதினார். ஆனால் அவதாரம் முடிந்து திரும்புவதாக அவர் கூறவில்லை. கிறிஸ்துவின் மனிதத்தன்மை என்றென்றும் நிலைத்திருப்பது என்பதை வலியுறுத்தினார்.

அவதாரம் என்றாலே பொய்த்தோற்றம் என்று மேடையில் முழங்குவது நேர்மையன்று. இராமாநுசர் கீதைக்கு எழுதிய உரையில், இறைவனின் அவதாரம் மாயத் தோற்றமன்று, மெய்யானது என்றே நிலைநாட்டுகிறார். ஆயினும் அத்திருமேனி நம் உடலைப் போல் வினைக்குட்பட்ட இயற்கைப் பொருளாலானதன்று என்பதும் அவர் கருத்து. சைவ மரபோ இறைவன் கருவில் பிறப்பதில்லை என்று கூறும். பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலில் இறைவன் கூலியாளாக வந்து பிரம்படி படுகிறார். அந்த அடி பாண்டியன் முதல் எல்லா உயிர்கள்மேலும் படுகிறது. எளியவருக்காக இறங்கிவரும் இறைவன் என்னும் உணர்வு அங்கே ஆழமாக உண்டு. அதனை மதிப்போடு நோக்குகிறோம். ஆனால் அந்தக் கூலியாளுக்கு உள்ளத்தில் அச்சமில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய கீழ்ப்படிதலுமில்லை. இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த செவிகளுக்குக் கெத்செமனேயும் ஒரு விளையாடலாகவே ஒலிக்கக்கூடும். ஆகவே நம் போதகர், மரியாளிடம் பிறந்தவர் மாமிசத்தை மட்டுமன்று, நம்மைப்போல் நடுங்கும் உள்ளத்தையும் விருப்பத்தையும் ஏற்றார் என்பதை அழுத்தமாகக் கூறுதல் வேண்டும்.

8. அருட்பணிக்குரிய விளைவுகள்

முதலாவது, நோயாளரைச் சந்திக்கும் ஊழியத்தில் இதன் பயன் பெரிது. மரணத்துக்கு அஞ்சுவது விசுவாசக் குறைவு என்றும், குணமடையாதிருப்பது மன்றாட்டின் பலவீனம் என்றும் போதிக்கும் குரல்கள் பெருகியுள்ளன. அறுவை மருத்துவத்துக்குக் காத்திருக்கும் தாய் ஒருத்தி, தன் நடுக்கத்தையே பாவமாகக் கருதி இருமடங்கு துன்புறுகிறாள். அவளுக்கு நாம் கூறத்தக்கது இது: பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டவர் பாவமற்றவர். உயிரை விரும்புவது படைத்தவர் தந்த இயல்பு. அஞ்சிக்கொண்டே மன்றாடலாம், ஆண்டவரும் அவ்வாறே மன்றாடினார்.

இரண்டாவது, கீழ்ப்படிதலைப் பற்றிய போதனை. பிதாவின் சித்தப்படியே ஆகட்டும் என்னும் மன்றாட்டு, கணவனின் கொடுமையைத் தாங்கும் பெண்ணிடமும், நிலக்கிழாரின் அநீதியைச் சுமக்கும் ஏழையிடமும், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோரிடமும் வாய்மூடியிருக்கக் கூறும் ஆணையாகத் திரித்துப் போதிக்கப்படுவதுண்டு. கெத்செமனே அதற்கு இடங்கொடுப்பதில்லை. அங்கே மனித சித்தம் பிதாவுக்கு ஒப்புவிக்கப்பட்டது, மனித எசமானருக்கன்று. உரிமையோடு கொடுக்கப்பட்டது, பறிக்கப்படவில்லை. தோட்டத்திலிருந்து எழுந்தவர் ஆலோசனைச் சங்கத்தின் முன்பும் பிலாத்துவின் முன்பும் தம் சாட்சியை மாற்றவில்லை. ஒருவரின் சித்தத்தை நொறுக்கிவிட்டு அதனைக் கீழ்ப்படிதல் என்று அழைப்பவன், கிறிஸ்துவைப் பின்பற்றவில்லை. மாக்சிமஸுக்குத் தீர்ப்பளித்தவர்களையே பின்பற்றுகிறான்.

மூன்றாவது, நம் சபைகளின் நிருவாகம். ஒற்றுமைக்காகப் பேச்சை அடக்குவது எளிது. 648ஆம் ஆண்டு ஆணையும் ஒற்றுமையின் பெயரால்தான் பிறந்தது. அது முப்பத்துமூன்று ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

நான்காவது, நம் சொந்த மன்றாட்டு. நம் சித்தம் கடவுளுக்குப் பகையான பொருளன்று, நோயுற்ற பொருள். அதனை வெட்டி எறிவது ஆவிக்குரிய வாழ்வின் இலக்கன்று. குணமடையச் செய்வதே இலக்கு. மீட்பரில் மனித சித்தம் ஒருமுறை முழுமையாகக் குணமாக்கப்பட்டிருக்கிறது. தூய ஆவியானவர் நம்மை அவரோடு இணைக்கும்போது, அவர் கூறிய ஆம் நம்முடையதாகவும் ஆகிறது.

முடிவுரை

கிறிஸ்துவின் இறைவல்லமையைக் காக்க அவர் மனிதத்தன்மையைக் குறைக்க வேண்டியதில்லை. மனிதத்தன்மையைக் காக்க இறைவல்லமையைக் குறைக்க வேண்டியதுமில்லை. இரண்டும் ஒருவரில், ஒரே கீழ்ப்படிதலில் சந்திக்கின்றன. இரு சித்தங்கள் என்னும் போதனை பழங்காலத்து நுண்வாதம் என்று நாம் தள்ளிவிடுவோமாயின், நடுங்கும் மனிதருக்குக் கூற நம்மிடம் நற்செய்தி மிகக் குறைவாகவே எஞ்சும். தரையில் விழுந்து நடுங்கியவரை மெய்யான மனிதர் என்றும், அவ்வாறு நடுங்கியவரே எல்லாம் வல்ல கடவுளின் மைந்தர் என்றும் ஒரே மூச்சில் அறிக்கையிட நம் திருச்சபைகள் கற்றுக்கொள்ளுமாக. எபிரெயர் நிருபம் (2:18) உறுதியளிப்பதுபோல, சோதிக்கப்பட்டுப் பாடுபட்டவராகையால் சோதிக்கப்படுவோருக்கு உதவ வல்லவர் அவரே.